மஞ்சள் ஒளிரும், தங்கம் ஒளிராது

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு நெடுங்காலம் இருந்துவந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கி, உரிமம் பெற்றுக்கொண்டு ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனதும், தெம்பனிசில் இருக்கும் என் தங்கை பிள்ளைகளின் நச்சரிப்புக்கு இணங்கி ஒரு பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சில வாரங்களில் கூடத்தில் ஒரு வாடை தொடங்கியது. மழை பெய்து காற்றில் ஈரம் ஏறும் நாள்களில் அது கூடும். வெயில் நாளில் குறையும். எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. தரையை மூன்று முறை கழுவியாயிற்று. நான் என் பையிலிருந்த சிறிய புற ஊதா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓர் இரவு அங்கே போனேன். விளக்குகளை அணைத்து, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகு தரையோடு தரையாக ஒளியைச் செலுத்தியபோது மூன்று இடங்கள் ஒளிர்ந்தன. "அண்ணே, மூணு இடத்திலயா போய் வச்சிருக்கு?" என்று தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மூன்று இடங்களையும் அருகிலிருந்து பார்த்தோம். சோபா உறையில் இருந்த திட்டு நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சிட்டது. அது, சந்தேகத்தின் பேரில் முந்திய வாரம் சலவைத்தூள் போட்டுத் தங்கை தேய்த்த இடம். சாப்பாட்டு மேசையின் காலடியில் இருந்த புள்ளிகள் பச்சை கலந்த மஞ்சளாக மின்னின. அவை சாம்பார் சிந்திய இடம். சன்னலுக்குக் கீழே, சுவரில் முழங்கால் உயரத்தில் தொடங்கி ஒழுகி இறங்கித் தரையில் தேங்கிய ஒரு மங்கலான வெளிர்மஞ்சள் கறை மட்டுமே பூனையின் வேலை. குனிந்து முகர்ந்தபோது ஐயம் தீர்ந்தது. மூன்றில் ஒன்றுதான் தேடிய கறை. மற்ற இரண்டையும் வீட்டில் இருப்பவர்களே விளக்க முடிந்தது.

அந்த இரவின் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இணையக் கடைகளில் சில வெள்ளிக்கு விற்கப்படும் இந்த விளக்குகளின் விளம்பரங்கள், அழுக்கையும் கிருமியையும் போலியையும் தாமாகவே காட்டிக்கொடுக்கும் மந்திரக்கோல் போல அவற்றை முன்வைக்கின்றன. அது மிகைக்கூற்று. இந்த விளக்கு காட்டுவது ஒளிரும் பொருள் ஒன்று இந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே. அந்தப் பொருள் என்ன என்பதை, எவை எவை ஒளிரும் என்று அறிந்தவர்தான் சொல்ல முடியும். அந்த அறிவு இருந்தால் மிக மலிவான இந்தக் கருவி வீட்டில் நிறைய உதவும். இல்லாவிட்டால் வீண் பயத்தையும் பொய்யான நிம்மதியையும் தரும்.

மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 நானோமீட்டர் அலைநீளத்தில் ஊதாவாகத் தொடங்கி 700இல் சிவப்பாக முடிகிறது. ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஊதாவைவிடக் குறுகிய அலைகளைக் கொண்ட கதிர் ஒன்று, அதாவது புற ஊதா, சூரிய ஒளியில் மறைந்திருக்கிறது என்பதை 1801இல் ஜெர்மனியின் ஜீனா நகரில் யோகான் ரிட்டர் கண்டறிந்தார். நிறமாலையில் ஊதா முடிந்த பின், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெள்ளிக் குளோரைடு மற்ற இடங்களைவிட வேகமாகக் கருத்தது. அந்தக் கதிரை வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தரும் பொருள்களின் தன்மையை 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஆராய்ந்து விளக்கினார். வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதி பொருளுக்குள்ளேயே வெப்பமாகச் செலவாகிவிடுவதால், திரும்பி வரும் ஒளி எப்போதும் ஆற்றல் குறைந்ததாக, அதாவது நீண்ட அலையாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாதது உள்ளே போகிறது. நீலமோ பச்சையோ மஞ்சளோ சிவப்போ வெளியே வருகிறது. ஒளிர்வு என்று நாம் சொல்வது இதைத்தான்.

நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கும் சிங்கப்பூரில், நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவதும் தாண்டுவதும் புதிதல்ல. சூரியனிடமே இவ்வளவு இருக்கும்போது தனியாக விளக்கு எதற்கு என்று கேட்கலாம். வெயிலிலும் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒளிரத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றின் மெல்லிய ஒளியைப் பகல் வெளிச்சம் விழுங்கிவிடுகிறது. நமக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியும் ஒளி இல்லாத, புற ஊதா மட்டும் உள்ள இருட்டு. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1903இல் நிக்கல் ஆக்சைடு கலந்த கறுப்புக் கண்ணாடி ஒன்றை உருவாக்கி, தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் விடும் வழியைக் கண்டார். நீல ஒளி தரும் எல்இடிக்காக 2014இல் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததே, காலியம் நைட்ரைடு என்ற பொருளைக் கொண்டு ஒளியை உண்டாக்கும் அந்தத் தொழில்நுட்பத்தின் வழித்தோன்றல்தான் இன்று சாவிக்கொத்தில் தொங்கும் புற ஊதா எல்இடி. ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்து மேசையை அடைத்துக்கொண்டிருந்த கருவி சுண்டுவிரல் அளவுக்கு வந்ததற்குக் காரணம் அதுவே.

வாங்கும்போது பார்க்கவேண்டிய எண் ஒன்றுதான். 395 நானோமீட்டர், 365 நானோமீட்டர் என்று இரு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. 395 வகை மலிவு. ஆனால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியும் தாராளமாகக் கொட்டுவதால், பார்க்கும் இடமெல்லாம் ஊதாச் சாயம் பூசினாற்போல ஆகி, மங்கலான ஒளிர்வுகள் அதில் மூழ்கிவிடும். 365 வகையில், அதிலும் முகப்பில் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி பொருத்தியதில், விளக்கு எரிகிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு ஒளி குறைவாகத் தெரியும். அதுவே நல்ல விளக்கின் அடையாளம். நான் முதலில் வாங்கியது 395. சுவர் முழுவதும் ஊதாவாகத் தெரிந்ததைத் தவிர வேறொன்றையும் அது சொல்லவில்லை. சாம்பார்க் கறைக்கு அது போதும். பூனைச் சிறுநீருக்குப் போதாது.

விளக்கு கைக்கு வந்ததும் முதலில் துணி அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் மற்ற எல்லா இடங்களிலும் நம்மைக் குழப்பப்போகும் பொருள் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் பள்ளிச் சீருடையும் இருட்டில் நீலவெள்ளையாக எரிவதுபோல் தெரியும். சலவைத்தூளிலும் சலவைத் திரவத்திலும் சேர்க்கப்படும் ஒளிர்வெண்மையூட்டிகள் என்ற வேதிப்பொருள்களின் செயல் இது. இவை துணியின் அழுக்கை நீக்குவதில்லை. துணியில் ஒட்டிக்கொண்டு, வெயிலில் உள்ள புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் தருகின்றன. பழுத்துப்போன வெள்ளைத் துணியில் குறைந்துவிட்ட நீலத்தை அந்த ஒளி ஈடுகட்டுவதால் துணி வெளுப்பாகத் தோன்றுகிறது. 1929இல் பவுல் கிரைஸ் என்ற ஜெர்மானியர் குதிரைச் செஸ்ட்நட் மரப்பட்டையிலிருந்து எடுத்த ஒரு பொருளைக்கொண்டு இதைச் செய்து காட்டினார். நம் அம்மாக்கள் வேட்டிக்குப் போட்ட சொட்டுநீலத்தின் நோக்கமும் பழுப்பை மறைப்பதுதான், ஆனால் வழி வேறு. சொட்டுநீலம் மஞ்சள் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் துணி சற்று மங்கிக் குளிர்ந்த வெண்மையாகத் தெரியும். ஒளிர்வெண்மையூட்டியோ ஒளியைக் கூட்டுகிறது. அதனால்தான் இன்றைய வெள்ளை, வெயிலில் கண்ணைப் பறிக்கிறது.

அதே அலமாரியில் சலவைத்தூளையே காணாத பழைய பட்டு ஒன்றையோ, கதர் ஒன்றையோ எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அது மிக மங்கலாகவே கிடக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற இந்த ஒரே முறைதான் விளக்கின் எல்லாப் பயன்களுக்கும் அடிப்படை. தாளுக்கும் இது பொருந்தும். ஒளிர்வெண்மையூட்டிகள் காகிதத் தொழிலுக்குப் பரவலாக வந்தது 1950ஐ ஒட்டிய காலத்தில்தான் என்பதால், தமிழ் முரசு நாளிதழ் தொடங்கிய 1935ஆம் ஆண்டின் அச்சுத்தாள் என்று சொல்லி ஒருவர் காட்டும் துண்டறிக்கை நீலமாகப் பளிச்சிட்டால், அந்தத் தாள் அவ்வளவு பழையதாக இருக்க வழியில்லை என்று துணிந்து சொல்லலாம். பளிச்சிடாவிட்டால் அது பழையதுதான் என்று சொல்ல முடியாது. இன்றும் வெண்மையூட்டி சேர்க்காத தாள்கள் செய்யப்படுகின்றன. விளக்கின் சாட்சியம் பெரும்பாலும் இப்படி ஒருபக்கச் சாட்சியமாகவே இருக்கும்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் கலந்து இருட்டில் விளக்கைக் காட்டினால், எண்ணெய் முழுவதும் பச்சைச் சாயல் கொண்ட மஞ்சளாக ஒளிர்வதைப் பார்க்கலாம். குர்குமின் என்ற நிறப்பொருளின் குணம் அது. நம் சமையலறை மேடையிலும் சுவர் ஓடுகளின் இடுக்குகளிலும், துடைத்தாயிற்று என்று நினைத்த இடங்களில் எவ்வளவு மஞ்சள் தங்கியிருக்கிறது என்பதை முதல்முறை பார்ப்பவர்கள் திகைப்பார்கள். அது அசுத்தமும் அல்ல, ஆபத்தும் அல்ல. எண்ணெய்ப் பிசுக்கு எங்கே துடைக்கப்படாமல் நிற்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். இதே குர்குமின் புற ஊதாவால் மெல்ல மெல்லச் சிதைந்தும் போகும். சாம்பார் சிந்திய வேட்டியைச் சோப்புப் போட்டு அலசி, மூங்கில் கம்பில் கோத்து வெயிலில் நீட்டினால் கறை வெளிறிவிடுவதற்குக் காரணம் அதுதான். ஆனால் மஞ்சள்தூள் கலப்படமற்றதா என்று சோதிக்க விளக்கு உதவாது. கலப்படம் செய்தவர் கொஞ்சமாவது மஞ்சளைச் சேர்த்திருப்பார். அந்தக் கொஞ்சம் தன் பங்குக்கு ஒளிரும்.

இனிப் பூனைக்கு வருவோம். காய்ந்த சிறுநீரில் உள்ள சில கழிவுப்பொருள்கள் மங்கலான மஞ்சளாக ஒளிர்கின்றன. தேடும்போது நிறத்தைவிட வடிவத்தைக் கவனிப்பது பயன் தரும். தெளித்த கறை செங்குத்தான பரப்பில் தொடங்கி ஒழுகும். உட்கார்ந்து கழித்த கறை வட்டமாகத் தேங்கும். சலவைத்தூள் எச்சமோ துணி தேய்த்த திசையில் கோடுகளாகக் கிடக்கும். கறை கிடைத்ததும் விளிம்பைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, பிறகு அறை விளக்கைப் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் வெளிச்சத்தில் அந்தக் கறை கண்ணுக்குத் தெரியாது. வெறும் தண்ணீரால் கழுவினால் வாடை திரும்பி வருவதற்குக் காரணம், அதிலுள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாமல் இடுக்குகளில் தங்கிவிடுவதும், ஈரக்காற்றில் வாடை மறுபடியும் கிளம்புவதும்தான். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த துப்புரவுத் திரவம் அதைச் சிதைக்கும். குளோரின் கலந்த வெளுப்பானைச் சிறுநீர் மேல் ஊற்றக் கூடாது. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் வாயு கிளம்பும்.

எலி நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கப் பூச்சி ஒழிப்புத் தொழிலில் இருப்பவர்கள் இதே முறையைக் கையாளுகிறார்கள்; எலி தான் நடக்கும் தடம் முழுவதும் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும் என்பதால், சுவர் ஓரமாகப் புள்ளி வரிசை ஒன்று தெரியும். மூட்டைப்பூச்சிக்கு இந்த விளக்கு என்று விற்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மெத்தையின் தையலில் பூச்சி விட்டுச்சென்ற கரும்புள்ளிகளைக் காண நல்ல வெள்ளை வெளிச்சமும் பொறுமையுமே போதும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த விளக்கால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் கைகழுவுவதைக் கற்பிப்பது என்று நான் நினைக்கிறேன். மருத்துவமனைப் பணியாளர்களுக்கான பயிற்சியில், ஒளிரும் பசை ஒன்றைக் கைகளில் தேய்த்து, வழக்கம்போல் கழுவிவரச் சொல்லி, பிறகு புற ஊதா விளக்கின் கீழ் நீட்டச் சொல்வார்கள். விட்டுப்போன இடங்களெல்லாம் ஒளிரும். வீட்டில் அந்தப் பசைக்குப் பதில் வாசலின் போதும். அதுவும் நீலமாக ஒளிரக்கூடியது. என் தங்கை மகனுக்கு எட்டு வயது. பட்டாணியளவு வாசலினை இரண்டு கைகளிலும் பரப்பித் தேய்த்துவிட்டு, "போய்க் கழுவிட்டு வா" என்றேன். குழாயைத் திறந்த சத்தம் அடங்குவதற்குள் திரும்பி வந்தான். உள்ளங்கை ஓரளவு சுத்தமாக இருந்தது. கட்டைவிரலின் பின்புறமும், நகக்கண்களும், விரல் இடுக்குகளும் நீலக் கோடு போட்டதுபோல் எரிந்தன. "மாமா, நான் நெசமாவே கழுவினேன்" என்றான்; உண்மையாகத்தான் சொன்னான். இரண்டாம் முறை சோப்புப் போட்டுக் கட்டைவிரலைத் தனியாகப் பிடித்துத் திருகித் தேய்த்துவிட்டு வந்தபோது நீலம் பெரும்பாலும் போயிருந்தது. கட்டைவிரலும் விரல்நுனிகளும் பெரியவர்களுக்கும் விட்டுப்போகும் இடங்கள்தாம். பத்து முறை சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த நீலக்கோடு ஒரே முறையில் புரியவைத்தது. ஒன்றை மட்டும் அவனுக்கு விளக்கிச் சொன்னேன்: ஒளிர்ந்தது வாசலின்தான், கிருமி அல்ல; கிருமி இந்த விளக்கில் தெரியாது.

அதே அமர்வில் ஒரு தம்ளர் டானிக் வாட்டரையும் பிள்ளைகளுக்குக் காட்டினோம். மலேரியாவுக்கு மருந்தாக இருந்த கொய்னா அதில் சிறிதளவு இருப்பதால், இருட்டில் தம்ளர் முழுவதும் வெளிர்நீலமாக ஒளிரும். ஸ்டோக்ஸ் ஆராய்ந்த பொருள்களில் கொய்னாவும் ஒன்று. அதில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினால் ஒளி கண் முன்னே மங்கிவிடும். உப்பிலுள்ள குளோரைடு, கொய்னா மூலக்கூறு வாங்கிவைத்த ஆற்றலை ஒளியாக விடுவதற்கு முன்பே தணித்துவிடுகிறது. ஒரு பொருள் இருந்தும் ஒளிராமல் போகலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது. பின்னால் வேர்க்கடலையைப் பற்றிச் சொல்லும்போது இது நினைவுக்கு வரவேண்டும்.

சிராங்கூன் சாலையில் நாணயம் மாற்றுவோர் கடைகளில் புற ஊதா விளக்கைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான நாடுகளின் தாள் நோட்டுகள் பருத்தி இழையால், வெண்மையூட்டி சேர்க்காமல் செய்யப்படுகின்றன. ஆகவே நோட்டின் தாள் இருட்டாக இருக்க, அதில் வேண்டுமென்றே பதித்த இழைகளும் சில அச்சுப்பகுதிகளும் மட்டும் ஒளிரும். அலுவலகத் தாளில் அச்சிட்ட போலியோ முழுத்தாளும் நீலமாகப் பளிச்சிடும். இந்திய ரூபாயின் மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளில் எண் வரிசை ஒளிரும் மையில் அச்சிடப்பட்டிருக்கிறது. தாளில் ஒளிரும் இழைகளும் உண்டு. ஊருக்குப் போகுமுன் மாற்றிய ரூபாயை வீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ள விரும்புவோருக்கு இது உதவும். ஆனால் இங்கும் சலவைத்தூள் குறுக்கே வரும். சட்டைப்பையில் மறந்து, சலவை இயந்திரத்தில் சுழன்று வந்த உண்மையான நோட்டு வெண்மையூட்டியை உறிஞ்சிக்கொண்டு போலியைப்போல் ஒளிரும். முதல் அதிபர் யூசோப் இஸ்ஹாக்கின் உருவம் தாங்கிய, 1999 முதல் புழங்கும் நம் சிங்கப்பூர் நோட்டுகளில் 2, 5, 10 வெள்ளி நோட்டுகள் பெரும்பாலும் பாலிமரால் ஆனவை என்பதால், அவற்றைத் தாள் நோட்டின் கணக்கில் பார்க்கக் கூடாது. தடவிப் பார்ப்பது, வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது, சாய்த்துப் பார்ப்பது என்ற மூன்றும் முதலில், விளக்கு நான்காவது.

நகைப்பெட்டியைத் திறந்தால் தங்கம் ஏமாற்றம் தரும். தங்கம் ஒளிராது, பித்தளையும் ஒளிராது, ஆகவே தங்கத்தைச் சோதிக்க இந்த விளக்கால் ஒன்றும் ஆகாது. கற்கள் பேசும். பாட்டி காலத்துத் தோட்டில் பதித்த கெம்புக் கற்களின் மீது 365 விளக்கைக் காட்டும்போது சில கற்கள் தணல்போலச் சிவக்கும். மாணிக்கத்துக்குச் சிவப்பைத் தரும் குரோமியமே அந்த ஒளியையும் தருகிறது. மியன்மாரின் மோகோக் சுரங்கக் கற்களில் இரும்பு குறைவு, ஒளிர்வு அதிகம். தாய்லாந்துக் கற்களில் இரும்பு மிகுந்து ஒளிர்வைத் தணித்துவிடுகிறது. சாதாரணச் சிவப்புக் கண்ணாடி பெரும்பாலும் அப்படிச் சிவந்து ஒளிராது. இதைப் படித்ததும், ஒளிர்ந்தால் அசல் என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் இடறல். 1902 முதல் வெர்னூய் முறையில் தீச்சுடரில் உருக்கிச் செய்யப்படும் செயற்கை மாணிக்கமும் அதே குரோமியம் கொண்டது, இரும்பு கிட்டத்தட்ட இல்லாதது. அது இயற்கைக் கல்லைவிடப் பிரகாசமாகவே ஒளிரும். ஆகவே விளக்கால் உறுதியாகச் சொல்லக்கூடியது, ஒரே நகையில் உள்ள பத்துக் கற்களில் எட்டு ஒருவிதமாகவும் இரண்டு வேறுவிதமாகவும் நடந்துகொள்கின்றன என்பதைத்தான். அந்த இரண்டும் எப்போதோ உதிர்ந்து, மாற்றிப் பதிக்கப்பட்டவையாக இருக்கலாம். கல்லின் அடியில் பசை போட்டு ஒட்டியிருந்தால் பசை நீலவெள்ளையாகத் தெரிந்துவிடும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு நகை மதிப்பீட்டாளரிடம் போனால், கேட்க வேண்டிய கேள்வி நம் கையில் இருக்கும்.

கசிவைத் தேடுவது இந்த விளக்கின் இன்னொரு நல்ல வேலை, ஏனென்றால் அங்கே ஒளிரும் பொருளை நாமே உள்ளே விடுகிறோம். குழப்பத்துக்கு இடம் குறைவு. கார் குளிர்சாதனத்தில் வாயு குறைந்துகொண்டே போனால், பணிமனையில் ஒளிரும் சாயத்தைக் குளிர்பதன எண்ணெயோடு செலுத்தி, சில நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, பிறகு இணைப்புகளில் விளக்கடிப்பார்கள். கசியும் இடத்தில் மஞ்சள்பச்சைக் கசிவு பளிச்சென்று தெரியும். இந்த முறைக்குப் பெரிய முன்னோடி ஒன்று உண்டு. ஜெர்மனியில் டான்யூப் ஆற்றின் நீர் ஓரிடத்தில் நிலத்துக்குள் இறங்கி மறைவதுண்டு. அது எங்கே போகிறது என்று அறிய 1877 அக்டோபரில் 10 கிலோ ஃபுளோரசின் சாயத்தை அங்கே கொட்டினார்கள். ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து, சுமார் 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஆக் ஊற்றில் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்து வெளிவந்தது. மேல்மாடிக் குளியலறையிலிருந்து கீழ்மாடிக் கூரைக்கு நீர் இறங்கும் வழியைத் தேட, தரைக் குழாயில் சாயநீர் விட்டுப் பார்க்கும் குழாய்ப் பணியாளரும் அதே தர்க்கத்தைத்தான் பின்பற்றுகிறார். இரு வீட்டாரும் முகம் சுளித்துக்கொள்ளாமல் பேசுவதற்கு, கூரையில் தெரியும் ஒரு பச்சைப்புள்ளி நிறைய உதவும்.

மிதிவண்டிச் சட்டத்தின் அடியிலோ மடிக்கணினியின் கீழ்ப்புறத்திலோ புற ஊதாப் பேனாவால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவைப்பது சிறிய வேலை, பெரிய பயன். வீவக கீழ்த்தளத்தில் காணாமற்போன மிதிவண்டி எங்காவது கிடைத்தால், அது நம்முடையது என்று காட்ட ஒரு சான்று இருக்கும். வெயில் படும் இடத்தில் எழுதினால் அந்த மை வெளிறிவிடும் என்பதால் அவ்வப்போது சரிபார்த்து மீண்டும் எழுத வேண்டும்.

உணவுப் பொருள்களில் எனக்கு உள்ள கவலையைச் சொல்லிவிட வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம் தேடியபோது, தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு ஒன்று சிக்கியது. அதுவே அஃப்லாடாக்சின். அதன் வகைகளுக்கு பி, ஜி என்று பெயரிட்டதற்குக் காரணமே, புற ஊதாவில் ஒன்று நீலமாகவும் மற்றது பச்சையாகவும் ஒளிர்ந்ததுதான். ஆங்கிலத்தில் அந்நிறங்களின் முதலெழுத்துகள் அவை. இந்தச் செய்தியை அரைகுறையாகக் கேட்டவர்கள், வேர்க்கடலையையும் வற்றல் மிளகாயையும் விளக்கில் காட்டி, ஒளிராவிட்டால் நல்லது என்று சமையலுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வகத்தில் நஞ்சைப் பிரித்தெடுத்த பிறகு பார்ப்பதும் தட்டில் கொட்டிய கடலையைப் பார்ப்பதும் ஒன்றல்ல. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் தெரியும் பச்சைமஞ்சள் ஒளிகூட அந்த நஞ்சினுடையது அல்ல. அதே பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலத்தின் விளைவு. நஞ்சு இருந்தும் ஒளி தெரியாமல் போகலாம், நஞ்சு இல்லாமலும் ஒளி தெரியலாம். நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் கடலையை வீசிவிடுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். இந்த விஷயத்தில் விளக்கை எடுக்காமலிருப்பதே நல்லது.

தோல் விஷயமும் அப்படியே. வுட் விளக்கு எனப்படும் புற ஊதா விளக்கின் கீழ் தேமல் மஞ்சள்பச்சையாகவும், வெண்படை பளீரென்ற நீலவெள்ளையாகவும் தெரிவதைத் தோல் மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்துகிறார்கள். பூசியிருக்கும் களிம்பும், சட்டையிலிருந்து உதிர்ந்த பஞ்சும்கூட ஒளிரும் என்பதால் வீட்டில் நாமே பார்த்து முடிவெடுப்பது சரியாக வராது.

இரவு நடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல காட்சி காத்திருக்கிறது. தேளின் ஓட்டில் உள்ள சில பொருள்கள் புற ஊதாவில் நீலப்பச்சையாக ஒளிரும். சிங்கப்பூரின் காடுகளில் வாழும் பெரிய கருந்தேளும் மரப்பட்டை இடுக்கில் ஒளியும் சிறு தேள்களும் இதற்கு விலக்கல்ல. புதிதாகச் சட்டை உரித்த தேள் மட்டும் ஓடு இறுகும்வரை மங்கலாக இருக்கும். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி இரவு 7 மணிக்கு மூடப்படும் என்பதால், அனுமதி உள்ள இடத்தை அறிந்து, வழிகாட்டியோடு செல்வது முறை. தேள் இந்த ஒளியை விரும்புவதில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு விளக்கை விலக்கிவிட வேண்டும்.

கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கையில் இதை வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிருமிநாசினியாகப் பயன்படுவது 280 நானோமீட்டருக்கும் குறைவான அலைகள். பாதரச விளக்குகளில் 254. அந்த விளக்கு கண்ணில் பட்டால் சில மணி நேரத்தில் மணல் கொட்டியதுபோல் எரிச்சலும் வலியும் உண்டாகும், தோலும் வெந்துபோகும். நம் கையில் இருக்கும் 365, 395 விளக்குகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைக் காட்டி ஒரு கைப்பேசியையோ முகக்கவசத்தையோ சுத்தப்படுத்திவிட்டதாக நினைத்தால் சுத்தம் செய்யாமலே விட்டதாக ஆகும்.

அதற்காக இந்த விளக்குகள் தீங்கற்றவை என்றும் எண்ண வேண்டாம். கண்ணுக்கு ஒளி குறைவாகத் தெரிவதால் பாவை சுருங்குவதில்லை, இமையும் தானாக மூடுவதில்லை. கதிர் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். நேராக முகத்தில் பட்டால் எதிரே புகைமூட்டம் போலத் தெரிவது, கண்வில்லையே ஒளிர்வதால்தான். புற ஊதாவைத் தடுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு, கண்ணாடி ஓடுகளிலும் நிலைக்கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் ஒளியைத் தவிர்த்து, ஒரு தேடலுக்குச் சில நிமிடங்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கைப் பெரியவர் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை வெறும் பார்வையாளர்களாக நிறுத்துங்கள். என் விளக்கில் மின்கலத்தைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன். தங்கை வீட்டு விளக்கு மேல் அலமாரியில், பூனையும் எட்டு வயதுப் பையனும் எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது.